விலையை விடுங்கள், இது என்ன பொருள்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சின்சினாட்டிக்கு வடக்கே நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் ஒரு பழம்பொருள் அங்காடிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். நம்மவர்கள் பலர் போயிருப்பீர்கள். குத்துவிளக்கைப் 'பாரசீக எண்ணெய் விளக்கு' என்று எழுதி வைத்திருப்பார்களே, அதே கடைதான். அங்கே ஒரு கண்ணாடி அலமாரிக்குள் வெளிறிப்போன வெள்ளையில் ஒரு ஜோடி கால் காப்பு. மேலே ஒரு சீட்டு: 'பேஸ்பால் கேட்சரின் கால் கவசம். 1907. ப்ரெஸ்னஹான் பாணி. மிக அரிது. 475 டாலர்.'

பார்த்ததும் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அது கிரிக்கெட் பேடு.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். திருச்சியில் கல்லூரி அணிக்கு மூன்று வருஷம் விக்கெட் கீப்பராக இருந்தவன் நான். அந்த மாதிரிப் பேட்டைக் காலில் கட்டி, அவிழ்த்து, வெயிலில் காயவைத்து, மேட்ச்சுக்கு முதல் நாள் வெள்ளைப் பூச்சு பூசியவன். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா? மேலிருந்து கீழாக ஓடும் பிரம்பு வரிகள், முட்டிக்குக் குறுக்கே தடித்த மடிப்புகள், தொடை வரைக்கும் ஏறும் மேல் மடல், கீழே ஷூவின் மேல் உட்காரும் வளைவு, பின்னால் மூன்று வார், மூன்று பக்கிள். எல்லாம் அச்சு அசல்.

அலமாரியைத் திறக்கச் சொல்லி, திருப்பிப் பார்த்தேன். வாரின் உள்பக்கத்தில் ஒரு முத்திரை. முக்கால்வாசி தேய்ந்திருந்தது. மேல் வரியில் கடைசி மூன்று ஆங்கில எழுத்து, அதைக் கூட்டினால் 'ரட்'. கீழ் வரியில் முழுசாக 'இந்தியா'. மீரட்! கடைக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டு பார்த்தார். "அது இண்டியானா. கடைசி இரண்டு எழுத்து அழிந்துவிட்டது" என்றார்.

இண்டியானா நமக்கு அடுத்த மாநிலம்தான். அந்த மனிதரின் சமயோசிதத்தை நான் மெச்சத்தான் வேண்டும். ஆனால் மீரட்டில் கிரிக்கெட் சாமான் தொழில் வளர்ந்ததே 1947க்குப் பிறகு, பிரிவினையில் சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்களால். ஆக அந்தப் பேடு 1907க்கு நாற்பது வருஷமாவது இளையது. அனேகமாக என்னைவிட இளையது. நான் சொன்னேன். அவர் கேட்டார்: "நீங்கள் வாங்கப் போகிறீர்களா?" இல்லை என்றேன். "அப்படியானால் உங்களுக்கு என்ன?"

எனக்கு என்ன? வீட்டுக்கு வந்ததும் என் மனைவியும் அதையேதான் கேட்டாள். "ஏங்க, விக்கிறவன் விக்கிறான், வாங்குறவன் வாங்குறான். நடுவுல உங்களுக்கு எதுக்குங்க ரத்தக் கொதிப்பு?" அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பியோடு உட்காருங்கள்.

நான் 1974இல் இந்த ஊருக்கு வந்தேன். அடுத்த வருஷம் ஆபீஸ் நண்பர் ஒருவர் ரிவர்ஃப்ரன்ட் ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனார். பேஸ்பால் ஒன்றும் புரியவில்லை. ஆனால் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்த ஒருவரை மட்டும் புரிந்தது. ஜானி பெஞ்ச். மணிக்கு தொண்ணூறு மைல் வேகத்தில் வரும் பந்தை ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டு, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். ஆட்டம் முழுவதையும் முன்பக்கமாகப் பார்க்கும் ஒரே ஆள், அடி அதிகம் வாங்கும் ஆள், கைதட்டல் குறைவாக வாங்கும் ஆள். அட, நம்ம ஜாதி, என்று தோன்றியது. அன்று தொடங்கியது இந்தப் பைத்தியம். கராஜ் சேல், பழைய சாமான் சந்தை, தேவாலய விற்பனை என்று அலைந்து, கேட்சர்களின் பழைய சாமான்களைப் பார்ப்பதும் படிப்பதும் எப்போதாவது வாங்குவதும் நாற்பது வருஷப் பழக்கம்.

இந்தச் சாமான்களுக்கு அமெரிக்காவில் ஒரு கேலிப்பெயர் உண்டு: 'அறியாமையின் கருவிகள்'. புத்தியுள்ளவன் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு அந்த இடத்தில் உட்காருவானா என்பது கேலி. இந்தப் பெயரை வைத்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் மடி ரூல், வாஷிங்டன் அணியின் கேட்சர், சட்டம் படித்தவர். இன்றைக்கு அந்தப் பெயர் சாமானுக்குப் பொருந்துவதைவிட, அதை விற்கிறவர்களுக்கும் விலை போடுகிறவர்களுக்கும் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கட்சி.

முதலில் அந்தக் கால் கவசத்தையே முடித்துவிடுகிறேன். 1907 ஏப்ரல் 11, நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் சீசன் முதல் ஆட்டம். கேட்சர் ராஜர் ப்ரெஸ்னஹான் காலில் பெரிய கவசம் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார். கூட்டம் கேலி செய்தது. (அதே ஆட்டத்தில் ரசிகர்கள் பனிக்கட்டி உருண்டைகளை மைதானத்தில் வீசி, ஆட்டமே எதிரணிக்குப் போனது தனிக் கதை.) அவர் கட்டிக்கொண்டு வந்தது கிரிக்கெட் பேடு மாதிரியான கவசம்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொய்ச் சீட்டுக்குள் இப்படி ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. நம் விளையாட்டின் சாமானைப் பார்த்துத்தான் அவர்கள் கால் காத்துக்கொண்டார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? சில வருஷத்திலேயே பேஸ்பால் தனக்கென்று வேறு வடிவம் செய்துகொண்டது. கேட்சர் குந்தி உட்கார வேண்டும், எழுந்து ஓட வேண்டும். தொடை வரை ஏறும் மடல் அவனுக்கு இடைஞ்சல். அதனால் முட்டிக்குத் தனியாக, அச்சில் வார்த்த கெட்டித் தோல் சிப்பி வந்தது. கீழே பிரம்பு வைத்த தாடைப் பகுதி, அதற்கும் கீழே கணுக்காலுக்குத் தனி மடல். முட்டிச் சிப்பியும் கணுக்கால் மடலும் இருந்தால் கேட்சருடையது என்று நினைக்க இடமுண்டு. முட்டிக்குக் குறுக்கே வெறும் மடிப்பும் மேலே மடலும் இருந்தால், லேபிளும் வரலாறும் கையில் இல்லாமல் அதை பேஸ்பால் என்று சொல்வது பொய். 'ப்ரெஸ்னஹானும் இப்படித்தானே கட்டினார்' என்பது ஆதாரம் ஆகாது. காந்தி கைத்தடி வைத்திருந்தார் என்பதற்காக என் கைத்தடி காந்தியுடையது ஆகிவிடுமா?

முகமூடிக்கும் இதே கதி. 1877இல் ஹார்வர்டு மாணவர் ஃபிரெட் தேயர், வாள்வீச்சுக்காரர்களின் முகமூடியை மாற்றி, கேட்சர் ஜேம்ஸ் டிங்குக்காக ஒன்று செய்வித்தார். 1878இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னால் கேட்சர்கள் பல்லையும் மூக்கையும் பந்துக்குக் காணிக்கை கொடுத்தவர்கள்தான். இந்தச் சரித்திரத்தைத் தெரிந்து வைத்திருக்கும் வியாபாரிகள் என்ன செய்கிறார்கள்? நிஜமான வாள்வீச்சு முகமூடியையே கொண்டுவந்து 'ஆரம்பகால பேஸ்பால் முகமூடி' என்று தொங்கவிடுகிறார்கள். வாள்வீச்சு முகமூடியில் வலை நெருக்கமாக இருக்கும், சல்லடை மாதிரி. கத்தி முனை நுழையக் கூடாது அல்லவா? பேஸ்பால் முகமூடியில் பந்து நுழையாமல் இருந்தால் போதும், கண் நன்றாகத் தெரிய வேண்டும். அதனால் கம்பிகள் தடிமன், இடைவெளி அகலம். ஒரு விரலை விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு விரல்! அதைக்கூடச் செய்யாமல் நூற்றுக்கணக்கில் விலை எழுதுகிறார்கள்.

முகமூடியின் வயதைக் கம்பியே சொல்லும். பழையவற்றில் கம்பியும் கம்பியும் சந்திக்கும் இடத்தில் சுற்றிக் கட்டியோ ஈயம் வைத்தோ இருப்பார்கள். பிந்தையவற்றில் மின்சாரப் பற்றவைப்பு. நெற்றியிலும் தாடையிலும் தோல் மெத்தை, உள்ளே பழையதானால் முடி அடைத்திருக்கும். 1920களுக்குப் பிறகு கம்பிக்குப் பதிலாகக் கனமான வார்ப்புச் சட்டம் வைத்த வகையும் வந்துவிட்டது. இதையெல்லாம் பார்க்கத் துருவும் அழுக்கும் அப்படியே இருக்க வேண்டும். நம்மாட்கள் என்ன செய்கிறார்கள்? கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து, புது வார் தைத்து, 'மீட்டெடுக்கப்பட்டது' என்று எழுதி, விலையை இரண்டு மடங்கு ஆக்குகிறார்கள். எதை மீட்டார்கள்? மூட்டுகள் பெயிண்டுக்குள் போய்விட்டன. வயது சொல்ல இருந்த ஒரே சாட்சியின் வாயைக் கட்டிவிட்டு, சாட்சிக்குப் பட்டு வேட்டி கட்டியிருக்கிறார்கள்.

மார்புக் கவசம் இன்னும் பாவம். பழைய கவசங்களில் ஒரு வகை, துணிக்குள் ரப்பர் பை வைத்து வாயால் காற்று ஊதிக் கட்டிக்கொள்வது. அதற்குப் பேர் போனவர் ஹார்ட்ஃபோர்டு நகரத்து வில்லியம் கிரே. காசு போட்டுப் பேசும் பொதுத் தொலைபேசியை 1889இல் கண்டுபிடித்த அதே மனிதர். (எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசையில் நின்ற தலைமுறை நாம், அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.) நூறு வருஷம் போன ரப்பர் வறட்டியாக இருக்கும். அதை 'வேலை செய்கிறதா பார்க்கலாம்' என்று ஊதுகிற ஆட்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே ஊது, படக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தாத்தாவுக்கு வயது தொண்ணூறு, ஓடுகிறாரா பார்க்கலாம் என்று துரத்துவோமா?

இனி மிட். கேட்சர் கையில் போடும் மெத்தைக் கையுறை. ஆரம்பத்தில் வெறுங்கைதான். நம் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ், 1869இல் வெளிப்படையாக எல்லாருக்கும் சம்பளம் கொடுத்த முதல் அணி, அதன் கேட்சர் டக் ஆலிசன் 1870இல் கைவலி தாங்காமல் மான் தோல் கையுறை போட்டார் என்பது அந்தக் காலப் பத்திரிகையிலேயே பதிவாகியிருக்கிறது. தலையணை மாதிரி மெத்தை வைத்த மிட் 1880களின் கடைசியில் வந்தது. யார் முதலில் என்று சண்டை உண்டு. ஹாரி டெக்கர் என்பவர் 1889இல் காப்புரிமை பெற்றார். அதனால் கொஞ்ச காலம் மிட்டுக்கே 'டெக்கர்' என்று பேர்.

இங்கேதான் பெரிய மோசடி நடக்கிறது, பாதி அறியாமையால், பாதி தெரிந்தே. மிட்டில் காப்புரிமைத் தேதி ஒன்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்ததும் சீட்டில் அந்த வருஷத்தை எழுதிவிடுகிறார்கள். காப்புரிமைத் தேதி பொருள் பிறந்த தேதி இல்லை. அதற்கு முன்னால் பிறந்திருக்க முடியாது என்று மட்டும்தான் அது சொல்லும். அதே தேதியைப் பல வருஷம் அச்சடித்துக்கொண்டே இருப்பார்கள். கடைப் பலகையில் 'ஸ்தாபிதம் 1910' என்று போட்டிருக்கிறது என்பதற்காக அங்கே வாங்கிய லட்டு 1910இல் பிடித்தது என்று சொல்ல முடியுமா?

வயதைச் சொல்ல வேறு வழிகள் இருக்கின்றன. பொறுமைதான் வேண்டும். கம்பெனிப் பெயரைப் பாருங்கள். நம் ஊர்க் கம்பெனி கோல்ட்ஸ்மித், 1930களின் நடுவில் மெக்ரெகர் என்ற பெயரோடு சேர்ந்தது. 'கோல்ட்ஸ்மித்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. 'மெக்ரெகர் கோல்ட்ஸ்மித்' என்றால் அதற்குப் பிந்தைய சில வருஷங்கள். வெறும் 'மெக்ரெகர்' என்றால் இன்னும் பிந்தியது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து டிரேப்பர் அண்ட் மேனார்டு 1930களில் மூடிவிட்டது, அதனால் அந்தப் பெயர் இருந்தால் மேல் வரம்பு கிடைத்துவிடும். 'ஜப்பானில் தயாரித்தது' என்றால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. துணி லேபிளா, தோலில் அழுத்திய முத்திரையா, கட்டைவிரலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒற்றை வாரா, முழு வலையா, மணிக்கட்டில் பக்கிளா பொத்தானா, எல்லாம் ஒவ்வொரு சாட்சி. நடுவில் மடங்குகிற மாதிரி இருந்தால், அது பெஞ்சும் அவருக்கு முன் சிகாகோவின் ரேண்டி ஹன்ட்லியும் பிரபலமாக்கிய வகை, 1960களுக்கு முன்னால் கொண்டுபோக முடியாது. ஆரம்பகால மிட்டில் இன்னொரு குழப்பம்: முதல் பேஸ் ஆட்டக்காரனின் மிட்டும் உருண்டையாகத்தான் இருக்கும். மெத்தையின் தடிமனை அமுக்கிப் பார்க்காமல் கேட்சர் மிட் என்று எழுதக் கூடாது.

இவ்வளவையும் பார்த்த பிறகுதான் விலை. ஆனால் ஊர் என்ன செய்கிறது? மிட்டில் ஒரு பிரபலத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. 'யோகி பெர்ரா' என்று கையெழுத்து மாதிரி அச்சு இருக்கும். உடனே, "யோகி பெர்ராவின் மிட்!" அது யோகி பெர்ராவின் மிட் இல்லை ஐயா. யோகி பெர்ரா பெயர் போட்டு கம்பெனி கடையில் விற்ற மிட். ஊர் ஊராகப் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வாங்கிப் போட்டு விளையாடிய மிட். சந்தையில் முப்பது நாற்பது டாலருக்கு நானே வாங்கியிருக்கிறேன். சிவாஜி படம் போட்ட காலண்டர் சிவாஜி வீட்டிலிருந்து வந்ததா? நிஜமாகவே ஆட்டக்காரர் பயன்படுத்தியது என்றால் அதற்கு ஆட்டக் காலத்துப் புகைப்படத்தில் கறையும் தையலும் பொருந்த வேண்டும், கைமாறிய வரலாறு எழுத்தில் வேண்டும். 'என் மாமா அவரோடு டீ குடித்தவர்' என்பது வரலாறு ஆகாது. போலிக் கையெழுத்து வியாபாரம் எவ்வளவு பெரிசு என்றால், 1990களின் கடைசியில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்று பெயர் வைத்து ஒரு கூட்டத்தையே பிடிக்க வேண்டி வந்தது.

"விற்கிறவருக்கும் சந்தோஷம், வாங்குகிறவருக்கும் சந்தோஷம், உங்களுக்கு ஏன் எரிகிறது?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பொய்ச் சீட்டு ஒரு ஆளை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. நாளைக்கு அந்த 475 டாலர் பேட்டை வாங்கியவர் படம் எடுத்துப் போடுவார். அதைப் பார்த்து இன்னொருவர் தன் பரணில் இருக்கும் கிரிக்கெட் பேட்டுக்கு அதே பெயர் வைப்பார். விலைப் பட்டியல் போடுகிறவர் இரண்டையும் சேர்த்து சராசரி எடுப்பார். பத்து வருஷத்தில், 1907இல் கேட்சர்கள் மீரட் பேடு கட்டினார்கள் என்பதே சரித்திரம் ஆகிவிடும். நிஜமான முட்டிச் சிப்பிக் கவசம் எங்கோ ஒரு வீட்டில் 'இது ப்ரெஸ்னஹான் மாதிரி இல்லையே' என்று குப்பைக்குப் போகும்.

இவ்வளவு கோபமாகப் பேசுகிற எனக்கு அதற்கு யோக்கியதை இருக்கிறதா? அதையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத விஷயம்.

அப்போது எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். மனைவி போனவர், தனியாள். என் பேஸ்பால் கிறுக்கு அவருக்குத் தெரியும். ஒரு நாள் ஒரு காகிதப் பையோடு வந்தார். உள்ளே ஒரு பழைய கேட்சர் மிட். உருண்டையானது, கறுத்துப்போனது, நான்கு இடத்தில் கிழிசல். அவருடைய அப்பா தொழிற்சாலை அணியில் கேட்சராக இருந்தபோது போட்டது. "எனக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள்? நீ வைத்துக்கொள்" என்றார். அதற்கு முந்தின வாரம் ஒரு வியாபாரியிடம் காட்டியிருக்கிறார். "பெயர் ஒன்றும் இல்லையே, பத்து டாலர்" என்றாராம் அந்த வியாபாரி.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நன்றிக்கடனாக அதை 'நன்றாக' ஆக்கி அவருக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்தேன். தோல் சோப்பு போட்டு ஈரத்துணியால் தேய்த்தேன். மாட்டுக்கால் எண்ணெயை ஊற ஊறத் தடவினேன். கிழிசலைத் தைத்தேன், பழைய வாரை எடுத்துவிட்டுப் புது வார் கோர்த்தேன். மிட் பளபளவென்று ஆனது, தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்த பிள்ளை மாதிரி. பெருமையோடு அவரை அழைத்துக் காட்டினேன்.

அவர் மிட்டைக் கையில் வாங்கினார். முன்பக்கம் பார்க்கவே இல்லை. நேராக மணிக்கட்டு வாரைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தார். "அப்பா இங்கே மையால் பெயர் எழுதியிருந்தார்" என்றார். அவ்வளவுதான். கோபப்படவில்லை. நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெயரை நான் கவனிக்கவே இல்லை. மங்கலான ஏதோ அழுக்கு என்று சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டிருக்கிறேன். வியாபாரி 'பெயர் இல்லை' என்றார். இருந்தது. அவர் தேடின பெயர் வேறு. நான் அந்த வியாபாரியைத் திட்டுகிறேன், ஆனால் பெயரை அழித்தது அவர் இல்லை, நான்.

அன்றிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பிடிவாதம். கம்பெனி லட்சக்கணக்கில் அச்சடித்த நட்சத்திரத்தின் பெயருக்கு விலை. வேலை முடிந்து சாயங்காலம் விளையாடப் போன ஒரு தொழிலாளி தன் கையால் எழுதிய பெயருக்கு 'அழுக்கு' என்று பட்டம். இந்தக் கணக்கு தலைகீழானது. அந்த மிட்டைப் போட்டு விரல் உடைந்தது அந்த மனிதனுக்கு. மெத்தையில் குழி விழுந்தது அவன் வாங்கிய பந்துகளால். சந்தை எந்த விலையும் போடட்டும், அது சந்தையின் பாடு. ஆனால் பொருள் என்ன சொல்கிறது என்று கேட்காமல் விலை கேட்பவன், சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுகிறவன்.

சுத்தமே செய்யக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். செய்யலாம். மெல்லிய உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டலாம். வடிவம் அமுங்காமல் இருக்க உள்ளே மெல்லிய வெள்ளைக் காகிதம் சுருட்டி வைக்கலாம். பரணும் வேண்டாம், நிலவறையும் வேண்டாம், ஒன்று வெப்பம், ஒன்று ஈரம். வீட்டுக்குள் நிழலான அலமாரி போதும். எண்ணெய் வேண்டாம், சோப்பு வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், ஊத வேண்டாம். அறுந்த வார் அறுந்தே இருக்கட்டும். நமக்கும்தான் முட்டி தேய்ந்திருக்கிறது, அதற்காகப் பெயிண்டா அடித்துக்கொள்கிறோம்?

நண்பர்களே, நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது வீட்டைக் காலி செய்து சின்ன அபார்ட்மென்ட்டுக்குப் போகிறோம். நம் அமெரிக்க அண்டை வீட்டாரும் அப்படித்தான். அவர்கள் பெட்டியைத் திறக்கும்போது நம்மைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள், நாம் பொறுமையாக உட்கார்ந்து கேட்போம் என்று அவர்களுக்குத் தெரியும். அப்போது 'என்ன விலை போகும்' என்று தொடங்காதீர்கள். யாருடையது, எந்த அணி, எந்த ஊர், எந்த வருஷம் என்று கேளுங்கள். ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, பொருளோடு சேர்த்து வையுங்கள். ஒட்ட வேண்டாம், பக்கத்தில் வைத்தால் போதும். கிரிக்கெட் சாமானை பேஸ்பால் என்று யாராவது வைத்திருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். இந்த ஊரில் அதை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

போன வாரம் மறுபடி அந்த அங்காடிக்குப் போனேன். பேடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. சீட்டு மட்டும் மாறியிருக்கிறது. 'இண்டியானாவில் தயாரித்தது' என்று ஒரு வரி கூடியிருக்கிறது. விலை 525.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் போவதற்குச் சில மாதம் முன்னால் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன். அப்பாவின் பெயரையும், அணியின் பெயரையும், எந்தெந்த வருஷம் ஆடினார் என்பதையும் அவரே ஒரு அட்டையில் எழுதித் தந்தார். கை நடுங்கியதால் எழுத்து கோணல். என் அலமாரியில் அந்த மிட்டுக்குள் அந்த அட்டை இருக்கிறது. மிட்டின் பளபளப்பு இன்னும் போகவில்லை.